நாலு மாடி, ஒரு பந்தி

மாடித்தோட்டம் போட்டவர் யாரையும் கேட்டுப் பாருங்கள். பத்து வெண்டைச் செடி வைத்தால் நல்ல நாளில் ஐந்தாறு காய் கிடைக்கும். கத்தரி ஒரு வாரம் கூடை நிறையக் கொடுக்கும், அடுத்த வாரம் வெறும் பூவோடு நிற்கும். தக்காளி போக்குக் காட்டிக்கொண்டே இருந்து, மூன்றே நாளில் மொத்தமாகப் பழுத்துவிடும். மூன்று பேர் உள்ள வீட்டில் ஒரு வேளைப் பொரியலுக்கே பற்றியும் பற்றாமலும்தான் வரும். இதை நம்பிப் பதினைந்து பேருக்கு இலை போட முடியுமா?

ஒரு மாடியால் முடியாது. நாலு மாடி சேர்ந்தால் முடியும். தாம்பரத்தைச் சுற்றி சேலையூர், மாடம்பாக்கம், செம்பாக்கம், பம்மல் என்று சிதறிக் கிடக்கும் நாங்கள் நாலு வீட்டுக்காரர்கள், தை மாதப் பௌர்ணமியை ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமையில் ஒரே மொட்டை மாடியில் கூடிச் சமைக்கிறோம். காய் எல்லாம் எங்கள் செடியில் காய்த்தவை. சமைப்பதும் நாங்களேதான். ஒரு வீட்டுத் தோட்டம் சமையலறையை நிறைக்காமல் போகலாம், ஆனால் நாலு வீட்டுத் தோட்டம் ஒரு பந்தியை நிறைக்கும். இதைச் செய்து பார்த்தவள் என்ற உரிமையில்தான் எழுதுகிறேன்.

மாடித்தோட்டம் இன்று புதுமை இல்லை. 2013-14இல் தமிழக அரசின் தோட்டக்கலைத் துறை, ‘நீங்களே செய்து பாருங்கள்’ என்று பெயரிட்டு, சென்னையிலும் கோவையிலும் மானிய விலையில் பைகளும் தென்னை நார்க் கழிவும் விதைகளும் கொடுக்கத் தொடங்கியது. அந்தப் பைகளோடு ஆரம்பித்தவர்கள் எத்தனையோ பேர். பாதியில் விட்டவர்களும் அதே அளவுக்கு உண்டு. விட்டவர்களிடம் காரணம் கேட்டால் பூச்சி, தண்ணீர், வேலைப்பளு என்பார்கள். எனக்குத் தோன்றும் காரணம் வேறு. விளைந்ததை என்ன செய்வது என்ற திட்டம் அவர்களிடம் இல்லை. நாலு கத்தரிக்காயும் ஒரு கைப்பிடி அவரையும் குளிர்பதனப் பெட்டியில் வாடிப்போவதைப் பார்த்தால் யாருக்கும் மனம் விட்டுப்போகும். அதே நாலு கத்தரிக்காய் பெரிய அண்டாவுக்குப் போகிறது என்று தெரிந்தால், அந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் கை சோர்வதில்லை.

விருந்து ஆடியில் தொடங்குகிறது

தையில் சாப்பிட வேண்டுமானால் ஆடியில் பேசி முடிவு செய்ய வேண்டும். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது வயலுக்குச் சொன்னதுதான் என்றாலும், மாடிக்கும் அது அப்படியே பொருந்தும். ஆடியில் நாற்று விட்ட கத்தரி, ஒரு மாதம் கழித்துப் பைக்கு மாறி, அதற்குப் பின் இரண்டு மாதத்தில் காய்ப்புக்கு வந்து, நன்றாகப் பார்த்துக்கொண்டால் தை வரை தாங்கும்.

பந்தல் அவரையின் கணக்கு வேறு. பகல் குறுகினால்தான் அது பூக்கும். சித்திரையில் போட்டாலும் ஆடியில் போட்டாலும் கொடிதான் முதலில் ஏறும், கார்த்திகைப் பனி தொடங்கும்போதுதான் கொத்துக் கொத்தாகப் பூ வைக்கும். இது தெரியாதவர்கள் புரட்டாசியில், “இது மலட்டுக் கொடி” என்று பிடுங்கிப் போட்டுவிடுகிறார்கள். பொறுத்தவர்களுக்கு மார்கழி, தை இரண்டு மாதமும் அவரைக்காய் அறுவடைதான்.

சேனையும் மஞ்சளும் ஆடிக்கும் முன்பே, சித்திரை வைகாசியில் மண்ணுக்குள் போயாக வேண்டியவை. எட்டு ஒன்பது மாதம் கழித்து, இலை பழுத்துச் சாயும்போது தோண்டலாம். சர்க்கரைவள்ளிக் கொடியைப் புரட்டாசியில் நட்டால் நாலு மாதம். தக்காளி நாற்றை வடகிழக்குப் பருவமழையின் பெரிய அடி ஓய்ந்த பிறகு வைப்பது நல்லது, இல்லாவிட்டால் வேர் அழுகும். வெண்டைக்கு நாற்பத்தைந்து நாள் போதும் என்பதால் அதைக் கடைசியில் ஊன்றலாம்.

நாலு வீட்டிலும் எல்லாவற்றையும் போடக் கூடாது என்பதுதான் எங்கள் முதல் விதி. பம்மல் அண்ணன் வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், பொறுமைசாலி. பழைய தண்ணீர் டிரம்களை அரையாக வெட்டிக் கிழங்கு போடுகிறார். செம்பாக்கத்துத் தோழி திருநெல்வேலிக்காரி. அவளுக்குக் கத்தரியும் மிளகாயும், வாசலோரத்து முருங்கையும். சேலையூர் வீட்டில் மாடியில் இரும்புப் பந்தல் இருக்கிறது, அதனால் புடலை, பீர்க்கை, சுரை மூன்றும் அங்கே. கீழே கிணற்றடியில் வாழையும் உண்டு. மாடம்பாக்கத்தில் என் பங்கு அவரையும் தக்காளியும் வெண்டையும். ஒரே காயை நிறையப் போடும்போது அதன் நோயும் குணமும் நமக்குப் பிடிபடுகின்றன. பத்துக் காயைப் பத்துப் பையில் வைத்திருப்பவருக்கு எதிலும் கை தேறுவதில்லை.

அந்தக் கை தேர்ச்சிக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். மூன்றாவது மாடி உயரத்துக்குத் தேனீ வருவது அரிது. சேலையூர் வீட்டில் சுரை பூத்துப் பூத்து உதிர்ந்துகொண்டே இருந்தது. சுரைப்பூ சாயங்காலம் விரிவது. பீர்க்கையும் பொழுது சாயும்போதுதான் விரியும். பூசணியோ விடியற்காலையில் விரிந்து வெயில் ஏறுவதற்குள் சுருங்கிவிடும். ஆண்பூ வெறும் காம்பில் நிற்கும், பெண்பூவுக்கு அடியில் குட்டிக் காய் இருக்கும். ஆண்பூவைப் பறித்து, இதழை விலக்கி, மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவில் தொட்டுத் தடவினால் போதும், மறுநாளே குட்டிக் காய் பருக்கத் தொடங்குவது தெரியும். இதை அந்த வீட்டு அம்மா இப்போது வேலை முடிந்து வந்ததும், கைப்பையை வைத்த கையோடு மாடி ஏறிச் செய்கிறார்.

பூச்சியைப் பற்றிச் சொல்லாமல் தோட்டத்தைப் பற்றிச் சொல்ல முடியாது. அவரைக்கு அசுவினி வரும். காலைப் பனி ஈரம் காயும் முன் அடுப்புச் சாம்பலைத் தூவினால் கட்டுப்படும். கத்தரியின் எதிரி தண்டையும் காயையும் துளைக்கும் புழு. நுனி வாடித் தொங்கும் குருத்தை அன்றே கிள்ளி அழித்துவிட வேண்டும், நாளை என்று விட்டால் புழு காய்க்குள் போய்விடும். மார்கழிப் பனியில் புடலை இலையில் சாம்பல் நோய் படரும்போது புளித்த மோரைத் தண்ணீர் கலந்து தெளிக்கிறோம். வேப்பெண்ணெயில் கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து அடிப்பது எல்லாரும் அறிந்ததே. கொடுமுடி மருத்துவர் நடராஜன் பரவலாக்கிய பஞ்சகவ்யாவைப் பத்து லிட்டர் தண்ணீருக்கு முன்னூறு மில்லி என்று கலந்து தெளித்தால் செடி தெளிச்சியாக நிற்கிறது. இவ்வளவு செய்தும் சில செடி போகத்தான் செய்யும். நாலு வீட்டில் ஒரு வீட்டுக் கத்தரி போனாலும் விருந்து நிற்காது என்பது கூட்டாகச் செய்வதில் உள்ள பெரிய ஆறுதல்.

காத்திருக்கும் காய், காத்திருக்காத காய்

விருந்துக்கு என்ன சமைப்பது என்பதைச் சமையல்காரர் முடிவு செய்வதில்லை. எது காத்திருக்கும், எது காத்திருக்காது என்பதே அதை முடிவு செய்கிறது.

சேனையைத் தோண்டி நிழலில் வைத்தால் வாரக்கணக்கில் இருக்கும். மஞ்சள், சர்க்கரைவள்ளி, முற்றிய பூசணி இவையும் அப்படியே. புடலையும் சுரையும் கொடியிலேயே நாலைந்து நாள் பொறுக்கும், அதற்கு மேல் விதை கடினப்படும். வெண்டைக்கு இரண்டு நாள் கெடு, தாண்டினால் நார். அவரையைப் பிஞ்சில் விட்டால் முற்றும், முற்றினாலும் கவலை இல்லை, கொட்டையை உரித்துக் குழம்பில் போடலாம். ஆகவே பதினைந்து பேர் பந்தியின் முதுகெலும்பு கிழங்கும் கத்தரியும் அவரையும்தான். வெண்டையை நம்பி யாரையும் விருந்துக்கு அழைக்காதீர்கள்.

பறிக்கும் நேரமும் உண்டு. பறித்த பிறகும் காய் மூச்சு விடுகிறது, தன்னிடம் உள்ள சர்க்கரையைத் தானே செலவழிக்கிறது. காலையில் பறித்த பிஞ்சு அவரையை மத்தியானம் வேகவைத்துச் சாப்பிட்டால் தெரியும் இனிப்பு, மூன்றாம் நாள் சந்தைக் காயில் இருப்பதில்லை. அதில் விற்பவர் குற்றம் எதுவும் இல்லை, வண்டியில் வந்த நேரம் அப்படி. எனவே நாங்கள் ஞாயிறு விடிந்ததும் பறித்துவிடுகிறோம். செடியில் நீர் ஏறி நிற்கும் நேரம் அது, காய் விறைப்பாக இருக்கும். பொழுது சாய்ந்த பிறகு செடியைத் தொடக் கூடாது என்று சேலையூர் அத்தை சொல்வார். அவர் தஞ்சாவூர்ப் பக்கத்து மனுஷி, எழுபதைத் தாண்டியவர். நாலு வீட்டுக்கும் அவர்தான் அத்தை.

அந்த அத்தைதான் முதல் ஆண்டே ஒரு பெரிய கேள்வியை எழுப்பினார். திருநெல்வேலித் தோழி கூட்டாஞ்சோறு செய்யலாம் என்று சொல்லி, கடைசியில் முருங்கைக்கீரை போட வேண்டும் என்றும் சொன்னாள்.

“ராத்திரிச் சாப்பாட்டுல கீரையா? விளக்கு வச்சப்புறம் கீரை இலையில விழக் கூடாதுடி.”

“அத்தே, முருங்கைக்கீரை இல்லாம அது எப்படி கூட்டாஞ்சோறாவும்? எங்க ஊர்ல கேட்டா சிரிப்பாவ.”

இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கீரை செரிக்க நேரம் எடுக்கும். விளக்கு வெளிச்சத்தில் கீரையில் ஒட்டிய பூச்சி தெரியாமல் போகும் என்று பெரியவர்கள் சொல்வதிலும் பொருள் உண்டு. மறுபக்கம், கூட்டாஞ்சோறு நெல்லைப் பக்கத்தில் பகல் சாப்பாடு, கீரை அதன் கையெழுத்து. முடிவாகச் சாப்பாட்டு நேரத்தை மாற்றினோம். தை மாதம் சென்னையில் ஆறு மணியைத் தாண்டிச் சில நிமிடங்களில் சூரியன் மறையும். ஐந்தேகாலுக்கு இலை போட்டால் விளக்கு வைப்பதற்குள் கீரை வயிற்றுக்குள் போய்விடும். பௌர்ணமியை ஒட்டிய நாள் என்பதால் கை கழுவும் நேரத்தில் கிழக்கே நிலா ஏறும். பிறகு மோரும் கிழங்கும் நிலா வெளிச்சத்தில் சாப்பிடலாம். இப்போது அது எங்கள் வழக்கமாகவே ஆகிவிட்டது. சீக்கிரம் சாப்பிட்டதால் குழந்தைகளும் தூங்கி விழாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அண்டாவின் முன்னால்

மத்தியானம் இரண்டு மணிக்கு எல்லாரும் வந்துவிட வேண்டும். பாத்திர வாடகைக் கடையில் எடுத்த ஈயம் பூசிய பித்தளை அண்டா, பெரிய ஒற்றை பர்னர் கேஸ் அடுப்பு, இரண்டு வாணலி. மொட்டை மாடித் தளத்தில் விறகு மூட்டக் கூடாது, சூட்டில் ஓடு விரிசல் விடும். நெருப்புக்குப் பக்கத்தில் ஒருவர் எப்போதும் நிற்க வேண்டும், குழந்தைகள் அந்தப் பக்கம் வரக் கூடாது.

ஆண்கள் இலை போடவும் தண்ணீர் வைக்கவும் மட்டும் என்ற ஏற்பாடு எங்களிடம் இல்லை. பம்மல் அண்ணன் சேனையைத் தோல் சீவி நறுக்குவார். சேனையில் ஊசி ஊசியாக இருக்கும் ஆக்சலேட் படிகம்தான் அரிப்புக்குக் காரணம். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நறுக்கி, புளித்தண்ணீரில் வேகவைத்தால் நாக்கு அரிக்காது. குழந்தைகளுக்கு அவரைக்காய் நார் உரிக்கும் வேலை. ஒரு கூடை அவரையைச் சுற்றி எட்டு வயதுக்காரர்கள் உட்கார்ந்து பேசும் பேச்சு தனிக் கதை. நகரத்தில் வளரும் பிள்ளைகள் காயைத் தொட்டு, அதில் புழு ஓட்டை பார்த்து, “இதையும் போடலாமா?” என்று கேட்டு, அந்த இடத்தை மட்டும் வெட்டி எறியக் கற்றுக்கொள்வது சின்னக் காரியம் இல்லை.

சுரையை நறுக்குமுன் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார்ப்பது எங்களிடம் கண்டிப்பான விதி. கசந்தால் சமைக்கக் கூடாது, முழுக் காயையும் எறிந்துவிட வேண்டும். கசப்புச் சுரையில் உள்ள குக்கர்பிட்டசின் நஞ்சு, வேகவைத்தாலும் போகாது. கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து இறந்தவர்கள் இருக்கிறார்கள், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. வீட்டில் வளர்த்ததாயிற்றே, வீணாக்குவதா என்ற பாசம் இந்த ஓர் இடத்தில் ஆபத்து.

இனி கூட்டாஞ்சோறு. பதினைந்து பேருக்கு ஒன்றரைக் கிலோ அரிசி, அரைக் கிலோ துவரம்பருப்பு. காய் எல்லாம் சேர்ந்து மூன்று கிலோ. பருப்பை மஞ்சளும் கொஞ்சம் எண்ணெயும் விட்டு முக்கால் பதம் வேகவிட்டு, கழுவிய அரிசியைப் போட வேண்டும். குழைய வேண்டிய சோறு என்பதால் தண்ணீர் தாராளமாக இருக்கட்டும். அரிசி பாதி வெந்ததும் காய் இறங்கும், அதற்கும் வரிசை உண்டு. வாழைக்காயும் முற்றிய அவரைக்கொட்டையும் முதலில், முருங்கைக்காயும் அவரையும் அடுத்து, கத்தரி கடைசியில். காய் முக்கால் பதம் வெந்த பிறகே புளிக்கரைசல் விடலாம். முன்னாலேயே விட்டால் புளிப்பு காயை இறுக்கிவிடும், எவ்வளவு நேரம் கொதித்தாலும் நறுக்நறுக்கென்றே இருக்கும்.

அரைப்பது அம்மியில். தேங்காய், மிளகாய் வற்றல், சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம். நெல்லைக்காரி அம்மியை யாரிடமும் கொடுக்க மாட்டாள். மிக்ஸியில் அரைத்தால் நேரம் மிச்சம் என்று யாராவது ஆண்டுதோறும் சொல்வதும், அவள் காதில் வாங்காமல் குழவியைத் தள்ளுவதும் வழக்கம். தேங்காய் மையாக அரையாமல் திப்பி திப்பியாக இருக்க வேண்டும், அதுதான் பல்லில் படும்போது சோற்றுக்கு உயிர் என்பது அவள் கட்சி. நான் அவள் கட்சிதான்.

அரைத்ததைப் போட்டுக் கிளறி ஒரு கொதி வந்ததும், உருவிய முருங்கைக்கீரை. இந்த நேரத்தில் அண்டாவை மூடக் கூடாது. கீரையின் புளிப்பு ஆவியோடு வெளியேறிவிட்டால் பச்சை நிறம் நிற்கும், மூடினால் அதே ஆவி நீராகித் திரும்ப விழுந்து கீரை பழுப்படிக்கும். கடைசியில் நல்லெண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை, வடகம் பொரித்துக் கொட்ட, அந்த வாசனை கீழ்த் தளம் வரை இறங்கும்.

உப்பு மட்டும் அத்தை கை. “ஒரு அண்டாவுக்கு ஒரு கைதான்” என்பார். போகிறவர் வருகிறவர் எல்லாம் ருசி பார்த்து ஒரு சிட்டிகை போட்டால் பதினைந்து பேர் சோறும் பாழ். பல பேர் சேர்ந்து சமைக்கும் இடத்தில் இதைவிட உபயோகமான சட்டம் எனக்குத் தெரியாது.

மற்றவை கூடவே நடக்கும். புடலங்காய்க்குப் பாசிப்பருப்பும் தேங்காயும் போட்ட கூட்டு, மசாலா எதுவும் இல்லை. அன்றைக்குப் பறித்த காய்க்குக் கரம் மசாலா போடுவது அதன் வாயை அடைப்பதாகும். பிஞ்சு அவரையில் பொரியல். சேனை வறுவல். கேஸ் அடுப்புத் தீயில் சுட்டுத் தோலுரித்த கத்தரியில் ஒரு கொத்சு. பீர்க்கங்காயைக் கூட்டில் சேர்த்த பிறகு அதன் தோல் துவையலுக்குப் போகிறது. பழுத்த தக்காளி எல்லாம் ரசத்தில். இனிப்புக்குக் கடை கண்ணி வேண்டாம், வெந்த சர்க்கரைவள்ளியை மசித்து, வெல்லப்பாகும் தேங்காய்ப் பாலும் ஏலக்காயும் சேர்த்தால் பாயசம்.

காய்த் தோலும் காம்பும் ஒரு வாளியில் சேர்ந்து மட்கு உரத் தொட்டிக்குப் போகும். அரிசி களைந்த தண்ணீர் அங்கேயே நிற்கும் கறிவேப்பிலைக்கு. முன்பெல்லாம் வீட்டுக்கு ஒரு கொல்லை இருந்தது, பாத்திரம் கழுவிய தண்ணீர் தானாக ஓடி வாழைக்கும் சேம்புக்கும் பாயும். அந்தக் கொல்லைகளின் மேல்தான் இன்று நம் அடுக்கு வீடுகள் நிற்கின்றன. வாளியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவதுதான் இப்போது நமக்கு மிஞ்சியிருக்கும் வழி.

எங்கள் மாடியில் விளையாதவை

இந்த விருந்தை முழுக்க முழுக்க வீட்டில் விளைந்தது என்று சொன்னால் அது பொய். அரிசி, பருப்பு, எண்ணெய், புளி, தேங்காய், சீரகம், உப்பு எதுவும் எங்கள் மாடியில் விளையவில்லை. தூயமல்லி அரிசி டெல்டாவில் ஒரு விவசாயியிடம் இருந்து வருகிறது. அவரும் அந்த நெல்லும் இல்லாமல் எங்கள் காய் எல்லாம் வெறும் தொடுகறி.

மாடித்தோட்டத்தால் காசு மிச்சம் என்று யாராவது சொன்னால் முதல் ஆண்டில் நம்பாதீர்கள். பை, மண், மண்புழு உரம், பந்தல், சொட்டுநீர்க் குழாய் எல்லாவற்றுக்கும் ஆன செலவில் பல மாதத்துக்குக் காய் வாங்கலாம். காசாகக் கிடைக்காத வேறொன்று கிடைக்கிறது. ஒரு கத்தரிக்காய் புழு இல்லாமல் கைக்கு வர என்ன பாடு என்று தெரிந்துகொண்ட பிறகு, உழவர் சந்தையில் கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறைத்துக் கேட்க வாய் வருவதில்லை. இடைத்தரகர் இல்லாமல் விவசாயியே விற்கட்டும் என்று 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. கால் நூற்றாண்டு கடந்தும் அங்கே நாம் பேரம் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். நகரத்து மனிதர்கள் ஒரே ஒரு பருவம் ஒரே ஒரு செடியையாவது காய்ப்புக்குக் கொண்டுவந்தால் அந்தப் பேரம் பாதியாகக் குறையும் என்பது என் உறுதியான எண்ணம்.

சாப்பிட்டு முடிந்த பின்

பந்தி ஒரே பந்தி. சமைத்தவர், பரிமாறியவர் என்று யாரும் கடைசியில் தனியாக உட்கார வேண்டியதில்லை. அண்டாவும் கூட்டுச் சட்டியும் நடுவில், இலைகள் சுற்றிலும். வேண்டியதைத் தானே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். குழந்தைகளுக்கு அத்தை கையில் உருட்டிக் கொடுக்கிறார். வீட்டில் புடலங்காய் என்றால் முகம் சுளிக்கும் பிள்ளை, தான் பறித்த புடலங்காய் என்பதற்காக இரண்டாம் முறை கேட்டு வாங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

நிலா ஏறிய பிறகுதான் எங்களுக்கு முக்கியமான வேலை. ஒவ்வொருவரும் விதை கொண்டு வந்திருப்பார்கள். முற்றவிட்ட கத்தரிப் பழத்தில் இருந்து எடுத்துச் சாம்பல் கலந்து உலர்த்தியது, கொடியிலேயே காய்ந்த அவரை, குடுவையோடு கொண்டு வரும் சுரை விதை. பாக்கெட்டில் வரும் வீரிய ஒட்டு ரகங்களில் இப்படி எடுத்தால் அடுத்த தலைமுறை தாயைப் போல வராது, நாட்டு ரகமாக இருந்தால்தான் இந்தச் சேமிப்புக்குப் பொருள் உண்டு. எங்கள் கூட்டத்தில் ஒருவர் முள்கத்தரி வைத்திருக்கிறார், வேலூர் இலவம்பாடிப் பக்கத்து ரகம். 2023இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அவர் வீட்டிலேயே யாருக்கோ பட்டம் கிடைத்தாற்போல எல்லாருக்கும் தொலைபேசியில் சொன்னார்.

விதையை ஓர் உயிராக மதிக்கத் தமிழ்நாட்டின் ஒரு தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்தவர் நம்மாழ்வார். 2013 டிசம்பர் 30 அன்று அவர் மறைந்தார். அவர் வழியில் வந்த நெல் ஜெயராமன், 2018இல் இறக்கும் வரை நூற்றெழுபதுக்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடி மீட்டார். திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் 2006 முதல் அவர் நடத்திய நெல் திருவிழாவில், விவசாயிக்கு இரண்டு கிலோ விதை நெல் கொடுத்து, அடுத்த ஆண்டு நாலு கிலோவாகத் திருப்பி வாங்குவார்கள். எங்கள் மாடியிலும் அதே கணக்குத்தான். ஐந்து விதை வாங்கியவர் அடுத்த தையில் பத்து விதை கொண்டுவர வேண்டும். ஒருமுறை பம்மல் வீட்டு மிளகாய் அடியோடு போனபோது, இரண்டு ஆண்டுக்கு முன் அங்கிருந்து செம்பாக்கம் போன விதைதான் திரும்பி வந்து அந்த ரகத்தைக் காப்பாற்றியது.

நாலு வீடு என்பது எங்களுக்கு அமைந்த கணக்கு. உங்களுக்கு இரண்டு வீடாக இருக்கலாம், ஒரே அடுக்ககத்தின் ஆறு குடும்பங்களாக இருக்கலாம். பந்தல் போட இடம் இல்லாதவர் மிளகாயும் புதினாவும் போடட்டும். வெயில் படாத பால்கனிக்காரர் அம்மியைக் கொண்டுவரட்டும். வருகிற ஆடிக்கு முன் பக்கத்து வீட்டாரிடமும் நண்பர்களிடமும் கேட்டுவிடுங்கள்: “நான் அவரை போடுகிறேன், நீங்கள் கத்தரி போடுகிறீர்களா? தையில் சேர்ந்து சமைப்போம்.” நாட்டு அவரை விதை கையில் இல்லாவிட்டால் அதை முன்னமே தேடத் தொடங்குங்கள், கடைகளில் அது எல்லா நாளும் கிடைப்பதில்லை.